புதுப்பிப்பு: மாந்தோப்பில் தொலைந்த தட்டு கிடைத்துவிட்டது

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் தொலைந்த என் டிஸ்க் கோல்ஃப் (குறைந்த வீச்சுகளில் தட்டைக் கூடையில் விழவைக்கும் ஆட்டம்) தட்டை, எடுத்த இளைஞர் தர மறுக்கிறார் என்று எழுதியிருந்தேன். நேற்று கைக்கு வந்துவிட்டது. தோப்புக்காரப் பெரியவர்தான் வாங்கித் தந்தார். “பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கிறதே தம்பி, அப்புறம் எப்படி உன்னுடையதாகும்?” என்று கேட்டாராம்.

3 நிமிட விதியைக் காட்டி, எடுத்தவருக்கே சொந்தம் என்று சிலர் வாதிட்டீர்கள். தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் அந்த விதி ஆட்டத்துக்கு மட்டுமே உரியது. 3 நிமிடம் தேடியும் கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதம், அவ்வளவுதான். உடைமை கைமாறுவதில்லை. தட்டில் தனி அடையாளம் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். எண்ணைப் பார்த்த பிறகும் அழைக்காமல் வைத்துக்கொள்வதை என்னால் ஏற்கவே முடியாது. திருப்பித் தரப் பணம் கேட்பதும் தவறு. நாமாக மகிழ்ந்து கொடுப்பது வேறு. அந்த இளைஞருக்கு என்னிடமிருந்த இன்னொரு தட்டைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறார்.