புதுப்பிப்பு: ஃபியட் 1100-க்கு ஒரிஜினல் நிறம் கிடைச்சிருச்சுங்க

கம்பெனி பெயிண்டுக்கு மேல் மூன்று தடவை வேறு பெயிண்ட் அடித்த என் பழைய ஃபியட் 1100 காருக்கு கம்பெனி நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

கதவு பேடை (கதவின் உள்பக்க அட்டையை) கழற்றிப் பார்க்கச் சொன்ன அண்ணன் யோசனைதான் கைகொடுத்தது. உள்தகட்டின் விளிம்பில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு 1000, அப்புறம் அதைவிட நைசான 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தோம். வெட்டிய மரத்தின் வளையம் மாதிரி வெள்ளை, நீலம், சிவப்பு, கடைசியில் பிரைமரை (தகட்டின் மேல் முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) ஒட்டி இளம்பச்சை. அதுதான் கம்பெனி நிறம். தேய்த்த இடம் வெளுத்துத்தான் தெரியும். காம்பவுண்டு (பாலிஷ் பசை) போட்டுத் துடைத்த பிறகே நிறம் பாருங்க.

கோயமுத்தூரில் அந்த இளம்பச்சையை ஸ்கேன் செய்து கலந்த பெயிண்ட் டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்தியது, வெயிலில் மஞ்சளடித்தது. இதை எதிர்பார்க்கவில்லை. பெயிண்டில் நிறம் தரும் பொடி (பிக்மென்ட்) வேறானால் வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறும். தகரத்துண்டில் அடித்து, காயவிட்டு, மதிய வெயிலில் ஒப்பிட்டதில் மூன்றாவது சாம்பிள்தான் சரியாக வந்தது.