என் வாசலில் அமெரிக்கக் கொடி: திட்ட உங்களுக்கு என்ன உரிமை?

எடிசன்வாசி:
போன வருடம் குடியுரிமை வாங்கினேன். இந்த ஜூலை 4 அன்று வாசலில் கொடி கட்டி, ராத்திரி வாணவேடிக்கை முடிந்ததும் ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வாழ்த்து சொன்னது இரண்டே பேர். மீதி எல்லாம் வியட்நாம், ஈராக், துப்பாக்கி, ஆஸ்பத்திரி பில். ஒரு சித்தப்பா ஹிரோஷிமா படத்தையே அனுப்பினார். 2004 சுனாமிக்குப் பிறகு ஆபிரகாம் லிங்கன் போர்க்கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்கள் இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்குச் சாப்பாடும் தண்ணீரும் சுமந்ததை யாரும் சொல்வதில்லை. 2003இல் புஷ் தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தால் ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் பிழைத்தார்கள், அதுவும் கணக்கில் இல்லை. இங்கே வரியும் கட்டாமல் ஓட்டும் போடாமல் இந்த நாட்டைத் திட்ட உங்களுக்கு என்ன உரிமை?

திருச்சிக்காரன்:
தம்பி, ஓட்டு இல்லாததால்தான் திட்டுகிறோம். 2013 மே தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய். அந்த மாதம் வாஷிங்டனில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, கடன்பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று சும்மா கோடி காட்டினார். ஆகஸ்டில் 68ஐத் தொட்டது. நான் அப்போது இறக்குமதி உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தேன். பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட சரக்கைப் புது விலைக்கு இறக்கினேன். பெர்னான்கியை நானா நியமித்தேன்?

எடிசன்வாசி:
நம் ஊர் நடப்புக் கணக்குப் பற்றாக்குறைக்கும் தங்க இறக்குமதிக்கும் அதில் பங்கே இல்லையா சார்? எதற்கெடுத்தாலும் அமெரிக்காவா?

திருச்சிக்காரன்:
பங்கு இருக்கிறது. அதற்கு டெல்லியைத் திட்டினேன், இன்னும் திட்டுகிறேன். டெல்லியைத் திட்டினால் தேசத்துரோகி, வாஷிங்டனைத் திட்டினால் பொறாமைக்காரன். அப்புறம் நான் யாரைத்தான் திட்டுவது?

பாரிஸ் பொடியன்:
எடிசன் அண்ணா, 2003 பிப்ரவரி 14 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வில்பான் கேட்டதெல்லாம், ஈராக்கில் ஆயுதம் தேடுகிற சோதனையாளர்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கச் சொல்லித்தான். அதற்குப் பதில் என்ன வந்தது? மறுமாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உணவகங்களில் பிரெஞ்சு ஃப்ரைஸ் 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' ஆனது. உருளைக்கிழங்கு வறுவல் மேல் காட்டிய வீரம்! தேடிய பேரழிவு ஆயுதம் கிடைக்கவே இல்லை. 2006இல் சத்தமில்லாமல் பழைய பெயரையே எழுதி வைத்தார்கள். பெயரை மாற்ற முன்னால் நின்ற வட கரோலினா உறுப்பினர் வால்ட்டர் ஜோன்ஸ், போருக்குத் தான் போட்ட ஓட்டுக்காகப் பின்னாளில் வருந்தி, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார். வெளியாள் சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

எடிசன்வாசி:
பிரான்ஸ் பேசுகிறதா? தாங்கள் ஆண்ட அல்ஜீரியாவில் 1954 முதல் 1962 வரை நடந்ததைப் 'போர்' என்று சட்டத்தில் எழுதவே அவர்களுக்கு 1999 ஆனது. ஈராக்கில் அமெரிக்க ராணுவம் நடத்திய அபு கிரைப் சிறைக் கொடுமை உங்களுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கச் சிப்பாய் புகார் கொடுத்தார், அமெரிக்கத் தொலைக்காட்சி படத்தைக் காட்டியது. வியட்நாமில் அமெரிக்கப் படை செய்த மை லாய் படுகொலையை வெளியே கொண்டுவந்தது பத்திரிகையாளர் ஹெர்ஷ், அவரும் அமெரிக்கர். நீங்கள் எறிகிற கல் முழுக்க எங்கள் தோட்டத்தில் பொறுக்கியது.

பாரிஸ் பொடியன்:
அல்ஜீரியா விஷயம் உண்மைதான். இங்கே அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், உங்களைப் போலவேதான் முறைப்பார்கள்.

ஆஸ்டின் அக்கா:
கல் எங்கள் தோட்டத்துக் கல் என்கிறீர்களே, பொறுக்கியவருக்கு என்ன ஆனது? நீங்கள் சொன்ன அபு கிரைப் சிப்பாய் ஜோ டார்பிதான் அந்தப் படங்கள் இருந்த குறுந்தகட்டை ராணுவ விசாரணைப் பிரிவிடம் கொடுத்தவர். பெயரை வெளியிட மாட்டோம் என்றார்கள். 2004 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டே செனட் விசாரணையில், தொலைக்காட்சிக்கு முன்னால், பாராட்டுகிற சாக்கில் பெயரைச் சொல்லிவிட்டார். துரோகி என்று மிரட்டல் வந்தது, சொந்த ஊருக்குத் திரும்பிக் குடியிருக்க முடியவில்லை. அடுத்த வருடம் கென்னடி பெயரில் துணிச்சலுக்கான விருதும் கொடுத்தார்கள். இரண்டும் இதே நாடுதான்.

எங்கள் டெக்சாஸ் பெண்களின் பாட்டுக் குழு டிக்ஸி சிக்ஸ், 2003இல் லண்டன் மேடையில், அதிபர் புஷ் டெக்சாஸ்காரர் என்பதில் வெட்கம் என்றார்கள். வானொலிகள் பாட்டை நிறுத்தின, லூசியானாவில் அவர்களுடைய குறுந்தகடுகள் மேல் டிராக்டர் ஏற்றினார்கள். அவர்கள் வரி கட்டியவர்கள், ஓட்டு உள்ளவர்கள். அதனால் 'வெளியாள்' என்பது சாக்கு. எரிச்சல் பேச்சின் மேல்தான்.

ஆனால் திருச்சி சார், பண்டிகையன்று ஹிரோஷிமா படம் அனுப்புவது என்ன விமர்சனம்? கல்யாணப் பந்தியில் வந்து பழைய கடனைக் கேட்பதுபோல இருக்கிறது.

திருச்சிக்காரன்:
அனுப்பியது நான் இல்லை, அவர் சித்தப்பா. ஆனாலும் பந்தியை விட்டால் கடன் வாங்கியவர்கள் நம் கையில் அகப்படுவது எப்போது?

எடிசன்வாசி:
டார்பி ஊர் திரும்ப முடியாமல் போனது எனக்குத் தெரியாது அக்கா. அது தப்பு. கொடியை மட்டும் இறக்க மாட்டேன்.

பாரிஸ் பொடியன்:
இறக்கச் சொல்லவில்லை அண்ணா. ஆனால் படம் ராத்திரியில் எடுத்தது என்கிறீர்கள். உங்கள் கொடி விதிப்படி இருட்டிய பிறகு பறக்க வேண்டுமானால் அதன்மேல் வெளிச்சம் விழ வேண்டும். விளக்கு இருந்ததா?

எடிசன்வாசி:
பிரான்சிலிருந்து எனக்குக் கொடி பாடமா?

எடிசன்வாசி:
விளக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை வரும்.