முதல் பஸ் எத்தனை மணிக்கு?

மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா

என் மகள் வேலைக்குப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். பள்ளிக்கூடம், ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம், வேலை மூன்றும் அரசாங்கம் வழியாகத்தான் அவளுக்குக் கிடைத்தன. ஆனால் மூன்றிலும் பஸ் நேரம் குறுக்கே நின்றது. அதை எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதுகிறேன். உங்கள் ஊரில் எப்படி என்று நீங்களும் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி. ஒன்பதாவதுக்கு 14 கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும். பஸ் பாஸ் இலவசம். புதுப் பாஸ் வரும்வரை சீருடையில் இருந்தாலே ஏற்றிக்கொள்வார்கள். அதனால் காசு எங்களுக்குக் கவலையாக இருந்ததே இல்லை. காலையில் 7.50க்கு ஒரு பஸ், அதை விட்டால் 10.30தான். சாயங்காலம் டவுனிலிருந்து 4.30க்கு ஒன்று, அதன்பிறகு 7.40க்கு. பள்ளி விடுவது 4.15. பள்ளியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். என் மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதை நானே ஒருநாள் டவுனில் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாவதில் சிறப்பு வகுப்பு வைத்தார்கள். 5.45க்கு முடியும், அப்புறம் 7.40 பஸ்தான். அந்த நேரத்துப் பஸ் ஊருக்குள் வராது, மெயின் ரோட்டில் கைகாட்டியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்கு 3 கிலோமீட்டர். அவள் அப்பா தினமும் டார்ச் எடுத்துக்கொண்டு கைகாட்டிக்குப் போய் நிற்பார். பதினொன்றாவதில் அரசு சைக்கிள் வந்தது. அதைக் கைகாட்டி டீக்கடையில் பூட்டி வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். அந்த டீக்கடையின் பின்பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிள் ஒரு பத்துப் பன்னிரண்டு எப்போதும் நிற்கும். கடைக்கார அண்ணன் ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

பன்னிரண்டாவது முடித்ததும் அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தாள். இரண்டு வருடப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, புதுமைப் பெண் திட்டத்தில் 1000 ரூபாய், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. "பொம்பளைப் பிள்ளைக்கு கரண்ட் வேலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஐடிஐ இருப்பது அடுத்த டவுனில். 7.50 பஸ்ஸைப் பிடித்தால் 9 மணி வகுப்புக்கு 9.25க்குப் போய்ச் சேருவாள். முதல் மூன்று மாதம் தினமும் தாமதம். 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுத முடியும். அவளைச் சேர்த்துக்கொண்ட மாஸ்டர் நல்ல மனிதர். அவரே ஒருநாள், "ஏம்மா, உங்க ஊருக்கு ஒரு காலை பஸ் கேட்கக் கூடாதா?" என்றார்.

அந்த வார்த்தைதான் எங்களைக் கிளப்பிவிட்டது. ஊரில் விசாரித்தால், இதே பஸ் வேறு சிலருக்கும் தேவைப்பட்டது. செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் 11 பேர் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். கம்பெனி பஸ் விடிகாலையில் கைகாட்டி வரைக்கும்தான் வரும். அவர்கள் செல்போன் வெளிச்சத்தில் இருட்டில் 3 கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஊரில் இருந்தும் இத்தனை நாள் நாங்கள் தனித்தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் மகளிர் குழுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எழுந்து நின்று தீர்மானம் போட வைத்தோம். ராத்திரி ஊரில் தங்கி விடிகாலை கிளம்புகிற நைட் ஹால்ட் பஸ் வேண்டும் என்று கேட்டோம். தீர்மான நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து வந்த பதிலில், டிரைவர் கண்டக்டர் தங்க இடம் இல்லாததால் இயலாது என்று இருந்தது. சரி, இடம்தானே பிரச்சனை என்று பஞ்சாயத்து டிவி ரூமைத் திறந்தோம். பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே உடைந்த பெஞ்சும் கரையான் புற்றும்தான். இரண்டு நாள் பெண்களே கூட்டிக் கழுவினோம். பஞ்சாயத்தில் கழிப்பறையும் குழாயும் சரிசெய்து கொடுத்தார்கள். மகளிர் குழுக் காசில் ஒரு ஃபேன், இரண்டு கட்டில், கொசுவலை வாங்கினோம்.

வயரிங் என் மகள் செய்தாள். ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார், கை வைத்தது எல்லாம் அவள்தான். பழைய மரப்பலகை சுவிட்ச் போர்டைக் கழற்றினாள். எலி கடித்த வயரை உருவி எறிந்துவிட்டு பைப்புக்குள் புது வயர் இழுத்தாள். மெயினைப் போடுவதற்கு முன்னால் டெஸ்டரால் ஒவ்வொரு பாயிண்டாகத் தொட்டுப் பார்த்தாள். எர்த் சரியாக இல்லை என்று ஒரு நாள் முழுக்க ஃபேனைப் போட விடவில்லை. மறுநாள் ஃபேன் சுற்றியபோது, "கரண்ட் வேலையா?" என்று கேட்ட அதே பெரியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி மனு, ரூமின் போட்டோ, தீர்மானம். மொத்தம் ஐந்து மாதம் ஆனது. முதல் நாள் ராத்திரி 9.20க்கு பஸ் ஊருக்குள் வந்தபோது பிள்ளைகள் தூங்காமல் காத்திருந்தார்கள். அது விடிகாலை 5.20க்குக் கிளம்பி கம்பெனிப் பெண்களைக் கைகாட்டியில் இறக்கிவிடும். டவுன் போய்த் திரும்பி வந்து 7.05க்கு மறுபடி கிளம்பும். அந்த 7.05தான் என் மகளுக்கு ஐடிஐ பஸ் ஆனது. ஐடிஐயில் நடந்த வேலைவாய்ப்பு முகாமிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. இப்போது செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறாள்.

சாயங்காலம் மட்டும் இன்னும் தீரவில்லை. மகன் இந்த வருடம் பத்தாவது. அதே 5.45 சிறப்பு வகுப்பு, அதே 7.40 பஸ்.

ஓய்வுபெற்ற கண்டக்டர், விழுப்புரம்

தங்கச்சி, அந்த ஃபேனும் கொசுவலையும் வாங்கி வைத்தீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. 27 வருடம் பையை மாட்டியவன் நான். நைட் ஹால்ட் என்றாலே எங்களுக்குப் பயம். கோயில் மண்டபத்தில் படுத்திருக்கிறேன், மழை வந்தால் பஸ் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறேன். காலைக்கடனுக்கு வயல் பக்கம்தான். டிரைவர் தூங்காமல் எப்படி விடிகாலை வண்டி எடுப்பான்? அதனால்தான் பல ஊர்களில் ஹால்ட் நின்றுபோனது. ஒரு ஊரில் ஒரு பாட்டி எங்களுக்காகத் தினமும் சொம்பில் நீராகாரம் வைத்திருப்பார். அந்த ஊர் டியூட்டி என்றால் நாங்கள் லீவு போட மாட்டோம்.

சாயங்கால பஸ்ஸுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். டிப்போவில் ஒரு சிங்கிளை, அதாவது ஒரு வழி டிரிப்பை, வைப்பதா எடுப்பதா என்று பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை டிக்கெட், எவ்வளவு வசூல் என்பதைத்தான். பாஸ் பிள்ளைகளுக்கு நாங்கள் டிக்கெட் கிழிப்பதில்லை. படிக்கட்டில் தொங்கத் தொங்க 60 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்திருப்பேன், டிக்கெட் கணக்கு எழுதுகிற இன்வாய்ஸில் 11 டிக்கெட்தான் இருக்கும். பேப்பரில் பார்த்தால் அது காலி வண்டி. அந்தக் கணக்கில் எங்கள் ரூட்டில் ஒரு நல்ல டிரிப்பை எடுத்தேவிட்டார்கள். மூன்று மாதம் ஒவ்வொரு சிங்கிளிலும் பிள்ளைகளைத் தலை எண்ணி எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை. எனக்கு அது இன்றும் மனசில் இருக்கிறது.

அதனால் நீங்கள் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சிறப்பு வகுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணிக்கு முடிகிறது, எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். "புது பஸ் வேண்டும்" என்று கேட்டால் வண்டி இல்லை, ஆள் இல்லை என்பார்கள். "இந்த நான்கு மாதம் மட்டும் 6 மணிக்கு ஒரு சிங்கிள்" என்று கேளுங்கள். ஏற்கனவே ஓடுகிற வண்டியின் நேரத்தை நகர்த்திக் கொடுக்க வழி இருக்கும்.

இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். காசு இல்லாவிட்டாலும் அதற்கு டிக்கெட் உண்டு. பல பெண்கள் "சும்மாதானே" என்று வாங்காமலே இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து கேட்டு வாங்குங்கள். அந்த டிக்கெட்டை வைத்துத்தான் அரசு, போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. உங்கள் ஊர்ப் பெண்கள் பஸ்ஸில் வருகிறார்கள் என்பதற்கும் அதுதான் சாட்சி.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் தம்பி

அக்கா, உங்கள் மகளுக்கு வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் வேலை கிடைத்ததைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். நான் கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலைப் பக்கம். ஐடிஐயில் ஃபிட்டர் முடித்தேன். நான் படித்து முடித்த பிறகுதான் 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடியில் ரோபோ, கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி என்று புது மெஷின்கள் வந்தன. எங்கள் காலத்தில் ஒரு லேத்தைச் சுற்றி 20 பேர் நிற்போம். ரம்பத்தையும் அரத்தையும் வைத்துத்தான் கை பழகினோம். ஆனால் அரம் பிடித்த கை வீண் போகவில்லை. கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் என் அளவெடுப்பைப் பார்த்து, "எந்த ஐடிஐ?" என்று கேட்டார்.

மாவட்ட வேலைவாய்ப்பு முகாமில்தான் எனக்கு வேலை கிடைத்தது. காலையிலேயே நீண்ட வரிசை. வந்திருந்த கம்பெனிகளில் முக்கால்வாசி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர். ஒரு மேஜையில் நான் கேட்டேன், "சார், எங்க மாவட்டத்துல ஏதாவது இருக்கா?" அவர் பட்டியலை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லப்பா" என்றார். அவர் மேல் தப்பில்லை, தன்மையாகத்தான் சொன்னார்.

இங்கே ஒரு ரூமில் ஆறு பேர் இருக்கிறோம். வாடகையும் சாப்பாடும் போக அனுப்புவது பாதிச் சம்பளம்தான். பெண்களுக்காக வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்குகிற விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வரட்டும் என்று ரூமில் பேசிக்கொள்வோம். போன ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. தகவல் வந்து நான் வீடு போய்ச் சேர எட்டு மணி நேரம் ஆனது. கடைசி மலைப் பஸ் போய்விட்டது, அடிவாரத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு செய்யாறு, பெரம்பலூர், போச்சம்பள்ளி என்று உள் மாவட்டங்களில் தொழிற்பூங்கா என்று எந்தச் செய்தி வந்தாலும் எங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

மலைப்பள்ளி ஆசிரியை

எங்கள் பக்கம் பஸ்ஸே வராத குடியிருப்புகள் உண்டு. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்று விதி இருக்கிறது. காடும் ஓடையும் நடுவில் இருந்தால் அந்த ஒரு கிலோமீட்டரே ஒரு சின்னப் பிள்ளைக்குப் பெரிய தூரம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு வாகனமும் வழித்துணைக்கு ஒரு ஆளும் தருகிறது. எங்கள் பள்ளிக்கு 14 பிள்ளைகள் ஜீப்பில் வருகிறார்கள். கூட வருகிற அக்கா அதே குடியிருப்புக்காரர், எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

ஒரு வருடம் ஜீப்புக்கான பணம் மாதக்கணக்கில் வரவில்லை. டிரைவர் தம்பி கடனுக்கு டீசல் போட்டுப் பார்த்துவிட்டு ஒருநாள் நிறுத்திவிட்டார். முதல் வாரம் 14 பேரில் 9 பேர் நடந்து வந்தார்கள். இரண்டாம் வாரம் 4 பேர். மூன்றாம் வாரம் நானே குடியிருப்புக்குப் போனேன். நான்காவது படிக்கிற ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், ஜீப் வந்திருச்சா?" பணம் வந்து ஜீப் மறுபடி ஓட ஆரம்பித்ததும் 13 பேர் திரும்பினார்கள். ஒரு பையன் வரவில்லை. குடும்பத்தோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவன் பெயர் இன்னும் என் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

மலையடிவாரத்திலிருந்து ஒரு அம்மா

கண்டக்டர் அண்ணா, நீங்கள் சொன்ன இன்வாய்ஸ் விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. நேற்றே கம்பெனிப் பெண்களிடம் டிக்கெட் கேட்டு வாங்கச் சொல்லிவிட்டேன். மகன் வகுப்பில் விசாரித்ததில் எங்கள் ரூட்டில் ஐந்து ஊர்ப் பிள்ளைகள் 38 பேர் சிறப்பு வகுப்பில் இருக்கிறார்கள், அதில் 21 பேர் பெண் பிள்ளைகள். ஊர் வாரியாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை 7.05 பஸ்ஸில் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்துக் கடிதம் வாங்குகிறேன். திங்கட்கிழமை மனு. மற்ற நான்கு ஊர் அம்மாக்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். செய்யாறில் ஃபிட்டருக்கு ஆள் எடுத்தால் இங்கேயே எழுதச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.