சீட்டை நகர்த்தினால் ஏர்பேக் விளக்கு எரிகிறது

நண்பர்களே, என் பழைய காரில் ஏர்பேக் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரில் ‘டிரைவர் பக்க பிரீடென்ஷனர், ரெசிஸ்டன்ஸ் அதிகம்’ என்று எரர் கோடு (code) வருகிறது (பிரீடென்ஷனர் என்றால் விபத்தின்போது சீட் பெல்ட்டை இறுக்கும் பாகம்). அழித்தால் போகிறது, சீட்டை முன்னே பின்னே தள்ளினால் திரும்ப வந்துவிடுகிறது. சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் மீதுதான் எனக்குச் சந்தேகம். மெக்கானிக்கோ குனிந்துகூடப் பார்க்காமல் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்!

பிரீடென்ஷனரில் மல்டிமீட்டரை வைக்கக் கூடாது, வெடித்துவிடலாம் என்று தெரியும். அதனால் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, பிரீடென்ஷனரின் இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரை மாட்டிப் பார்க்க நினைக்கிறேன். அப்போதும் அதே எரர் கோடு வந்தால் வயரிங் கோளாறு, சரிதானே? ஆனால் கழற்றி மாட்டும்போதே லூஸ் காண்டாக்ட் தற்காலிகமாகச் சரியாகி என்னை ஏமாற்றிவிடுமோ? கனெக்டருக்குள் இருக்கும் பின் (pin) மட்டும் தளர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.