3 ஓட்டுல தோல்வி, செல்லாத ஓட்டு 14. மறு எண்ணிக்கை கேட்க முடியுமா? அவசரம்

நைட்ஷிப்ட்
வணக்கம். கூட்டுறவு சொசைட்டி எலெக்‌ஷன்ல இயக்குநர் பதவிக்கு நின்னேன். 3 ஓட்டுல போச்சு. செல்லாதுன்னு தள்ளினது மட்டும் 14. அதுல பாதிக்கு மேல எனக்கு விழுந்தது, கண்ணால பார்த்தேன். திரும்ப எண்ணுங்கன்னு கேட்டா, "முடிவு அறிவிச்சாச்சு, கேஸ் போட்டுக்கோங்க"ன்னு தேர்தல் அலுவலர் எழுந்து போயிட்டார். எங்க போடணும்? ஐகோர்ட்டா, சப்கோர்ட்டா? சீக்கிரம் சொல்லுங்க, டூட்டிக்குக் கிளம்பணும்.

பால்காரர் மகன்
என்ன சங்கம்ணே? பாலா, நெசவா, வேளாண்மைக் கடனா, வீட்டு வசதியா? துறைக்குத் துறை ஆபீஸ் வேற. எங்கப்பாவோட பால் சங்கத் தகராறுக்கு, கூட்டுறவுத் துணைப்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல ரெண்டு நாள் உட்கார்ந்த பிறகுதான் "பால்வளத்துறைக்குப் போங்க"ன்னாங்க.

சார்பதிவாளர் (ஓய்வு)
இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் வழக்கமே யாருக்கும் கிடையாது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983, பிரிவு 90. முடிவு அறிவித்த பிறகு பதிவாளரிடம் தாவா. சிவில் கோர்ட் வாசலைப் பிரிவு 156 அடைத்துவிட்டது. தேர்தலில் நிற்பதற்கு முன்னால் துணைவிதியையாவது ஒருமுறை படித்திருக்கலாம் தம்பி.

மைடப்பா
எதனால செல்லாதுன்னாங்க? என் கணிப்பு மடிப்பு மை. ஈரம் காயறதுக்குள்ள சீட்டை மடிச்சா எதிர்க் கட்டத்துலயும் ஒட்டிக்கும். அவசரத்துல எண்ணுறவங்க "ரெண்டு முத்திரை"ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க.

நைட்ஷிப்ட்
அதேதான்!! 9 சீட்டு அப்படி. மீதி 5 பேனாவால டிக் அடிச்சது.

மைடப்பா
பார்த்தீங்களா! அந்த வளைஞ்ச அம்புக்குறி முத்திரையை அப்படி வடிவமைச்சதே இதுக்குத்தான். ஒட்டின மைல அம்பு கண்ணாடியில பார்த்த மாதிரி எதிர்ப்பக்கம் திரும்பி நிக்கும். எது குத்தினது, எது ஒட்டினதுன்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும். பேனா டிக் அஞ்சையும் மறந்துடுங்க. 1961 தேர்தல் நடத்தை விதி 56-லயே, கொடுத்த கருவியால குத்தாத சீட்டு செல்லாது.

சார்பதிவாளர் (ஓய்வு)
1961 விதி சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும். சங்கத் தேர்தலுக்கு 1988 விதிகள் இருக்கின்றன. வாய்க்கு வந்ததைச் சொல்லி ஆளைக் குழப்ப வேண்டாம்.

மைடப்பா
அம்பு திரும்புறதுக்குமா ஐயா தனி விதி வேணும்?

குமாஸ்தா
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. "3 ஓட்டு வித்தியாசம், 14 செல்லாதது, பெட்டியைத் திறங்க"ன்னு எழுதினா யாரும் திறக்க மாட்டாங்க. ராம் சேவக் யாதவ் வழக்குல 1964-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, வாக்குச்சீட்டைப் பார்க்கணும்னா மனுவுல விவரம் இருக்கணும். ஏதாவது கிடைக்குமான்னு துழாவ விடமாட்டாங்க. எந்த மேஜை, எத்தனை சீட்டு, என்ன காரணம் சொல்லித் தள்ளினாங்கன்னு வரிவரியா எழுதணும். முக்கியமானது: எண்ணும்போதே உங்க ஏஜெண்ட் எழுத்துல ஆட்சேபணை கொடுத்தாரா? தேர்தல் எந்தத் தேதி?

புளியமரத்தடி
இதுக்குத்தான் மெஷின் வைக்கணும்கிறேன். மை, மடிப்பு, ஒண்ணும் கிடையாது.

பால்காரர் மகன்
எங்க சங்கத்துல மொத்தமே 212 ஓட்டு. அதுக்கு மெஷினா? கையில எண்ணினா டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

புளியமரத்தடி
டீ ஆறுறதுக்குள்ள முடிச்சதாலதான் இவரு இங்க வந்து கேட்டுக்கிட்டு இருக்காரு.

திண்ணை
எனக்கு ஒண்ணு இடிக்குது. நம்ம ஊர்ச் சங்கங்கள்ல 2018-ல வந்த நிர்வாகக் குழுக்களோட அஞ்சு வருஷம் 2023-ல முடிஞ்சு, அரசு நியமிச்ச தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தாங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தேர்தல் நடந்துச்சு?

நைட்ஷிப்ட்
எங்களுது எம்ப்ளாயீஸ் கிரெடிட் சொசைட்டி சார். கேரளா, ஆந்திராவுலயும் கிளை இருக்கு. டெல்லியில இருந்து ஆர்டர் வந்துதான் நடத்தினாங்க. அதையும் சொல்லணுமா?

குமாஸ்தா
அதைத்தான் முதல் வரியில சொல்லியிருக்கணும்! உங்களுக்குப் பிரிவு 90 கிடையாது, துணைப்பதிவாளரும் கிடையாது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 2002. பிரிவு 84-ன்படி தேர்தல் தகராறு நடுவர்கிட்டப் போகும், அவரை நியமிக்கிறது டெல்லியில இருக்கிற மத்தியப் பதிவாளர். பிரிவு 85-ல கெடு: முடிவு அறிவிச்ச நாள்ல இருந்து ஒரு மாசம். எத்தனை நாள் ஆச்சு?

நைட்ஷிப்ட்
24

சார்பதிவாளர் (ஓய்வு)
நான் சொன்னது மாநிலச் சங்கங்களுக்கு. கேள்வியே அரைகுறையாக இருந்தால் பதில் சொல்பவர் என்ன செய்வார்? தவிரவும் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய 97-வது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வகைக்கும் அரசமைப்பே பொதுவாக வழி சொல்லியிருக்கிறது.

திண்ணை
ஐயா, அந்தப் பகுதி பல மாநிலச் சங்கங்களுக்கு மட்டும்தான் நிக்கும்னு 2021 ஜூலையில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாச்சு. மாநிலச் சங்கங்களுக்கு அது செல்லாது. இங்கேயும் செல்லாதது ஒண்ணு கிடைச்சிருச்சு பாருங்க 😀

சார்பதிவாளர் (ஓய்வு)
கிண்டல் செய்வதற்கு வேறு இழை ஆரம்பித்துக்கொள்ளவும்.

குமாஸ்தா
நைட்ஷிப்ட், மத்ததை விடுங்க. இன்னும் ஆறு நாள்தான். பிரிவு 84-ன் கீழ மனு, அதோட வாக்குச்சீட்டுப் பெட்டியை சீல் உடைக்காம பத்திரமா வைக்க உத்தரவு கேட்டு ஒரு இடைக்கால மனு. 9 சீட்டைப் பத்தித் தனிப் பத்தி. பேனா டிக் அஞ்சையும் சேர்த்து 14-ன்னு எழுதினீங்கன்னா மொத்த மனுவும் இளைச்சுப் போயிடும். ஏஜெண்ட்டோட ஆட்சேபணை இருந்தா நகல் இணைங்க.

பால்காரர் மகன்
தபால்ல மட்டும் நம்பாதீங்கண்ணே. மெயிலும் போடுங்க.

(நான்கு நாள் கழித்து)

நைட்ஷிப்ட்
வக்கீல் வச்சு ஸ்பீட் போஸ்ட்லயும் மெயில்லயும் அனுப்பியாச்சு. ஆட்சேபணை நகல் ஏஜெண்ட்டோட பேன்ட் பாக்கெட்டுலயே இருந்து துணியோட துவைச்சுட்டாங்க. கையெழுத்தும் "9 சீட்டு"ங்கிறதும் மட்டும் தெரியுது. அதையே ஜெராக்ஸ் எடுத்து இணைச்சுட்டோம். நன்றி எல்லாருக்கும். டூட்டி.

மைடப்பா
மடிச்சிருந்த இடத்துல மை எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கா?

குமாஸ்தா
பெட்டி இப்ப யார் பொறுப்புல இருக்கு? சீல்ல உங்க ஏஜெண்ட் கையெழுத்து இருக்கா?

குமாஸ்தா
நைட்ஷிப்ட்?