தமிழ்ப் பக்கத்தைக் காணோம்: மொழிபெயர்ப்பு பிளகின் அனுபவங்களைப் பகிருங்கள்

யாழ் வலைவேலை:
விருந்தினர் விடுதி ஒன்றின் தளம், தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்புக்கென்று தளத்தில் சேர்த்த பிளகின், அதாவது கூடுதல் மென்பொருள், மாதக் கட்டணச் சேவை வகை: இயந்திரம் மொழிபெயர்த்துத் தரும், பணம் போகிறவரை அந்தப் பக்கங்களைக் காட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு அறைகள் பதிவாகிற நேரத்தில் விடுதிக்காரரின் வங்கி அட்டை காலாவதியாகி, கட்டணம் போகவில்லை. இரவு அழைத்தார். "தம்பி, தமிழ்ப் பக்கத்தைக் காணேல்லை. அக்கா எழுதினதெல்லாம் எங்க போச்சு?"

அந்தக் கேள்விதான் இன்னும் அரிக்கிறது. இயந்திரம் தந்த தமிழை அவருடைய அக்கா வரி வரியாகத் திருத்தியிருந்தார். ஒடியல் கூழ் பற்றிய பத்தியை முழுவதும் தானே எழுதினார், அந்தத் தளத்திலேயே நல்ல எழுத்து அதுதான். தரவுத்தளத்தைத் திறந்து தேடினேன். ஆங்கில மூலம் மட்டும் இருந்தது, தமிழில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் சேவைக்காரரின் சேர்வரில். பணம் கட்டியதும் பக்கங்கள் திரும்பி வந்தன, சரி. ஆனால் அக்காவின் எழுத்து அவர்களுடைய தளத்திலேயே இல்லை என்பதை வாங்கும்போது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது மாற்றப் போகிறேன். நீங்கள் எதைப் போட்டீர்கள், என்ன நடந்தது?

கோவைக்காரன்:
சொந்த டேட்டாபேஸில் இருந்தாலும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். பம்ப் உதிரிபாகம் ஏற்றுமதி செய்பவரின் தளம் கைக்கு வந்தது. முன்பு செய்தவர் போட்ட பிளகின் எல்லா மொழியையும் ஒரே கட்டத்தில் எழுதி, நடுவில் சதுர அடைப்புக்குறிக்குள் மொழிக்குறி வைக்கும் ரகம். அதை எழுதியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். வேர்ட்பிரஸைப் புதுப்பித்ததும் தளம் படுத்தது, பிளகினை அணைத்தேன். முகப்புத் தலைப்பில் ஆங்கிலமும் தமிழும் இந்தியும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு, இடையிடையே அந்தக் குறிகள். மெனு, பொருள் பெயர், கூகுளுக்குப் போகும் விவரக்குறிப்பு எல்லாவற்றிலும் அதே கோலம். முதலாளி அதைத் தன் போனில் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் நின்றார்.

ஸ்கிரிப்ட் எழுதிப் பிரித்து பாலிலாங் என்ற வேறு பிளகினுக்கு மாற்றினோம். அதில் ஒவ்வொரு மொழிப் பக்கமும் தனிப் பதிவு, எது எதற்கு இணை என்பதை மட்டும் பிளகின் நினைவில் வைத்துக்கொள்கிறது. டபிள்யூபிஎம்எல் என்ற பிளகினும் அடிப்படையில் இப்படித்தான், ஆனால் அதில் இலவசப் பதிப்பு கிடையாது. இந்த வகையை அணைத்தால் பட்டியலில் எல்லா மொழியும் கலந்து நிற்கும், அவ்வளவுதான். எழுத்து பத்திரம். வாங்குவதற்கு முன் சோதனைத் தளத்தில் போட்டு, நாலு பக்கம் மொழிபெயர்த்து, பிளகினை அணைத்துப் பாருங்கள். விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

மதுரை மீனா:
கோவைக்காரர் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. அணைத்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்தால் போதுமா? தினமும் அதைத் தொடப்போவது யார்?

ஒரு சிறு அறக்கட்டளைக்குத் தளம் செய்தேன். தமிழைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. தனிப் பதிவு முறையில் அவரை உட்கார வைத்தபோது, பக்கம் வடிவமைக்கும் எலிமென்டர் கருவியின் திரையில் பெட்டிகளுக்குள் பெட்டியாக வந்ததைப் பார்த்துச் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். டிரான்ஸ்லேட்பிரஸ் என்ற பிளகினுக்கு மாற்றினேன். பக்கம் கண்முன் அப்படியே இருக்கிறது, வரியைத் தொட்டால் பென்சில் படம் வருகிறது, பக்கவாட்டுப் பெட்டியில் தமிழை அடிக்கலாம். "இவ்வளவுதானாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் கிளம்புவதற்குள் முகப்புப் பக்கத்தை முடித்திருந்தார். மொழிபெயர்ப்பும் நம் டேட்டாபேஸிலேயே தனி அட்டவணையில் இருக்கிறது. இலவசப் பதிப்பில் கூடுதலாக ஒரு மொழிதான், எங்களுக்கு அது போதும்.

கோவைக்காரன்:
மீனா மேடம், அந்த ஆசிரியைக்கு அதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த முறையில் மூல வரிதான் சாவி. நாளை யாராவது ஆங்கிலத்தில் ஒரு வரியை மாற்றினால் அது புது வரியாகிவிடும், அந்த இடத்தில் தமிழ் விழுந்து ஆங்கிலமே தெரியும். அடிக்கடி மாறுகிற தளத்துக்கு இது தினசரி வேலை.

மதுரை மீனா:
தனிப் பதிவில் மட்டும் என்ன? ஆங்கிலத்தில் கட்டணம் மாறும், தமிழ்ப் பக்கம் பழைய கட்டணத்தையே காட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. விழுந்த வரி கண்ணுக்காவது தெரிகிறது.

ஸ்காபரோவில் இருந்து:
நாங்கள் எந்தப் பிளகின் என்று அடித்துக்கொண்டது வேறு, வெடித்தது வேறு. மூத்தோர் சங்கத் தளம், மொழி மாற்றும் பொத்தானில் தமிழுக்குத் தானாகவே இந்தியக் கொடி வந்துவிட்டது. திறப்பு நாளன்று ஒரு ஐயா வரவேற்பு மேசைக்கு வந்து, கைப்பேசியை நீட்டி, கொடியில் விரலை வைத்து, "இது ஆற்ற கொடி, பிள்ளை?" என்று கேட்டார். இலங்கைக் கொடியைப் போட்டால் அதைவிடப் பெரிய கோபம் வரும் என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கொடியை எடுத்துவிட்டு 'தமிழ்' என்ற எழுத்தை மட்டும் வைத்தோம். பெரும்பாலான பிளகின்களில் அதற்கு ஒரு தெரிவு உண்டு. தேர்வு செய்யும்போதே பாருங்கள்.

நெல்லை டெவலப்பர்:
என் கதை சின்னது. இனிப்புக் கடை, தீபாவளி ஆர்டர் பக்கம். தமிழ்த் தலைப்பை அப்படியே பக்கத்தின் இணைய முகவரியாக விட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் திரை முழுக்க சதவீதக் குறி, வாடிக்கையாளர்கள் வைரஸ் லிங்க் என்று பயந்து அழிக்கிறார்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் முகவரிக் கட்டத்துக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. ஆக 22 குறிதான் கொள்ளும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியாகக் கணக்கில் வரும். நீளத் தலைப்புகள் நடுவில் வெட்டுப்படும், ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு பக்கங்களில் ஒன்றுக்கு வாலில் எண் ஒட்டும். மொழிக்கு மொழி முகவரியைத் தனியாக எழுத விடுகிற பிளகினாக எடுங்கள், சிலவற்றில் அது கட்டணப் பதிப்பில்தான் வரும்.

அடுத்தது ஹெச்ரெஃப்லாங், ஒரு பக்கத்தின் மற்ற மொழிப் பக்கங்கள் எவை என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி. ஆங்கிலப் பக்கம் தமிழைச் சுட்டினால் தமிழும் ஆங்கிலத்தைத் திருப்பிச் சுட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காமல் போகலாம். யாழ் நண்பர் கவனிக்க: சிங்களத்தின் குறி எஸ்ஐ. எஸ்எல் என்று போட்டால் அது ஸ்லோவேனிய மொழி.

அப்புறம், வருபவரின் நாட்டைப் பார்த்துத் தானாக மொழி மாற்றும் வசதி. அதை அணைத்து வையுங்கள். கூகுளின் தேடுபொறி பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது, அதற்கு எப்போதும் ஆங்கிலம்தான் கிடைக்கும், தமிழ்ப் பக்கம் தேடலில் ஏறாது. பிரவுசரிலேயே மொழிபெயர்த்துக் காட்டும் இலவச விட்ஜெட்டுகளுக்கும் இதே கதி: கண்ணுக்குத் தமிழ் தெரியும், தேடலுக்கென்று தமிழ்ப் பக்கம் இருக்காது. வூகாமர்ஸ் என்ற இணையக் கடைப் பிளகின் இருந்தால் ஆர்டர் மின்னஞ்சல் எந்த மொழியில் போகிறது என்று ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள், அதற்குத் தனி நீட்சி வாங்க வேண்டியிருக்கும்.

யாழ் வலைவேலை:
எல்லோருக்கும் நன்றி. மீனா அக்கா கேட்ட "தொடப்போவது யார்" என்பதையும் யோசித்தேன். எங்களுடைய தளம் சின்னது, பக்கங்கள் அதிகம் மாறாது, மூன்று மொழி வேண்டும். பாலிலாங் என்று முடிவு. விடுதிக்காரரின் அக்காவிடம் எலிமென்டரைக் காட்டப் போவதில்லை, தமிழ்ப் பக்கங்களைச் சாதாரண எடிட்டரில் அமைத்துக் கொடுத்துவிட்டேன். சந்தா இருக்கும்போதே பழைய தமிழ்ப் பக்கங்களைப் பிரதி எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டி வருகிறார். கூழ் பக்கம் ஏறிவிட்டது. அறைப் பதிவுப் படிவத்தைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனிப் படிவமாகச் செய்தாகிவிட்டது, தமிழ்ப் படிவம் மட்டும் மிச்சம்.