கோல்ஃப் விதிகள் உலகெங்கும் ஒன்றானது எப்போது?

கேள்வி:
எடின்பரோவை அடுத்த லீத்தில் 1744ஆம் ஆண்டு எழுதப்பட்ட 13 விதிகளே கோல்ஃப் ஆட்டத்தின் மிகப் பழைய விதித்தொகுப்பு என்று படித்தேன். அவையே வளர்ந்து இன்றைய விதிகள் ஆயினவா, அல்லது நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டிருந்த காலமும் உண்டா? விதிகளைக் காக்கும் அமைப்புகள் இரண்டாக இருப்பதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1:
அவ்வாண்டில் எடின்பரோ நகர மன்றம் ஒரு வெள்ளி மட்டையைப் பரிசாக அறிவித்தது. இருவர் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் ஆட்டமாக இருந்தவரை எழுத்துவிதி தேவைப்படவில்லை, பலரும் கலந்துகொள்ளும் போட்டி என்றானபோதுதான் தேவைப்பட்டது. முதல் வெற்றியாளர் ஜான் ராட்ரே என்ற அறுவை மருத்துவர். முந்தைய குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் பந்தை வைத்து அடுத்த குழிக்கான ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்கிறது முதல் விதி. பந்து நீரில் விழுந்தால் அதை எடுத்துப் பின்னால் வைத்து ஆடலாம், ஆனால் எதிராளிக்கு ஓர் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதியில், இன்றைய ஓரடித் தண்டனையை அப்படியே காண்கிறோம்.

1754இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர் ஆட்டக்காரர்கள் இவ்விதிகளை ஏறக்குறைய மாற்றமின்றி ஏற்றார்கள். ஆயினும் அடுத்த நூற்றாண்டு முழுவதும் மற்ற கிளப்புகள் தத்தம் விதிகளை எழுதிவந்தன. கிளப்புகளுக்கு இடையிலான போட்டிகள் பெருகியதும் இது பெருந்தொல்லையாகிவிடவே, அவை 1897இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பிடம் பொறுப்பை ஒப்படைத்தன. 1899இல் பொதுத்தொகுப்பு வெளிவந்தது.

மறுமொழி 2:
அதற்கு முன்பே, 1894இல், அமெரிக்க கோல்ஃப் சங்கம் தொடங்கப்பட்டுவிட்டது. இரண்டு அமைப்புகள் இருப்பதற்கு இதுவே வேர். 1904இல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர், தலையின் நடுப்பகுதியில் தண்டு பொருத்திய பட்டரைக் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) கொண்டு பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றார். அத்தகைய பட்டரை 1910இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் தடைசெய்தது. அமெரிக்கா அத்தடையை ஏற்கவில்லை. அட்லான்டிக்கின் ஒரு கரையில் செல்லுபடியான மட்டை மறுகரையில் செல்லாததாக இருந்த இந்நிலை, 1951இல் இரு தரப்பும் கூடிப் பேசி, 1952இல் பொதுவிதிகளை நடைமுறைப்படுத்தும்வரை நீடித்தது.

‘ஸ்டைமி’ என்ற பழைய விதி ஒழிந்ததும் அப்போதுதான். அதன்படி, இருவர் மோதும் ஆட்டத்தில் எதிராளியின் பந்து உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவே கிடந்தாலும், இரு பந்துகளுக்கும் இடையே ஆறு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அதை எடுக்கச் சொல்ல முடியாது. வளைத்தோ தாண்டியோதான் ஆட வேண்டும். 1930 பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியில் பாபி ஜோன்ஸ், சிரில் டாலியை, 18 குழிகளும் சமநிலையில் முடிந்தபின் ஆடிய 19ஆம் குழியில் வென்றது ஒரு ஸ்டைமியால்தான். இது திறமைக்கான சோதனை என்று வாதிட்டவர்கள் உண்டு; வலிய வந்த தடைக்கு ஒருவர் விலைகொடுப்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி 3:
1952இல் எல்லாம் ஒன்றாகிவிட்டதாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் பந்தே ஒன்றாகவில்லை. எடை வரம்பு இரு தரப்பிலும் 1.62 அவுன்ஸ், குறைந்தபட்ச விட்டமோ அமெரிக்காவில் 1.68 அங்குலம், பிரிட்டனில் 1.62 அங்குலம். சிறிய பந்து எதிர்காற்றை எளிதில் ஊடுருவும் என்பதால் கடலோரத் திடல்களில் ஆடியவர்கள் அதை எளிதில் விட்டுவிடவில்லை. பிரிட்டனின் ஓப்பன் போட்டியில் 1974இல் பெரிய பந்து கட்டாயமாக்கப்பட்டது. சிறிய பந்து விதிகளிலிருந்து முற்றிலும் நீங்கியது 1990இல்தான்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் திடலுக்குத் திடல் உள்ளூர் விதிகள் இருப்பது இந்த ஒருமைக்கு முரணாகாதா?

மறுமொழி 3:
ஆகாது. திடலை நடத்தும் குழு உள்ளூர் விதி வகுக்கலாம். ஆனால் பிடிக்காத பொதுவிதியைத் தன் விருப்பப்படி நீக்க அதற்கு அதிகாரமில்லை. பந்து தொலைந்தால் பழைய இடத்துக்கே திரும்பிச் சென்று ஓரடித் தண்டனையுடன் மீண்டும் அடிக்க வேண்டும் என்பது பொதுவிதி. 2019இல் விதிகள் 34இலிருந்து 24ஆகச் சுருக்கப்பட்டபோது, திரும்பிச் செல்லாமல் ஈரடித் தண்டனையுடன் முன்னே ஆடுவதற்கு ஒரு மாதிரி உள்ளூர் விதி தரப்பட்டது. அது கிளப் ஆட்டங்களுக்காக எழுதப்பட்டது. தொழில்முறைப் போட்டிகளுக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை.